பதினாறாம் மாடிக்குப் பறந்த கழிப்பறை

அபுதாபியை ஒட்டிய முசஃபாவின் அந்த லேபர் கேம்ப் கிளினிக்கில் லீமாவுக்கு அதுதான் முதல் கோடை. கிளினிக் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் இரும்பு கேபின், இரண்டு கட்டில், குளிர் பத்தாத ஒரு ஏசி, ஒரு மருந்து அலமாரி. காலையில் எகிப்துக்காரர் டாக்டர் ஹிஷாம் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் லீமாதான் அங்கே எல்லாம்.

குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரி அவள். கணவன் வில்பிரட் அதே முசஃபாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஏசி மெக்கானிக். பக்கத்து ஷாபியாவில் ஒரு வில்லாவைத் தடுத்துக் கட்டிய அறையில் இருவரும் குடியிருந்தார்கள். லீமாவுக்குக் கை மென்மையானது. ஊசி குத்தினால் வலிக்காது. வாய்தான் கொஞ்சம் காரம். கேம்பிலிருந்த ஆண்களுக்கு அவளிடம் பயமும் உண்டு, பிரியமும் உண்டு.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். மே மாதத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டதென்று எப்போதாவது ஒருவர் வருவார். ஜூன் பாதியில் கட்டில் போதவில்லை. தரையில் போர்வை விரித்துப் படுக்கவைத்து, ஜன்னல் கம்பியில் டிரிப்ஸ் பாட்டிலைத் தொங்கவிட வேண்டியதாயிற்று. சிலருக்கு விரல்கள் மடங்கிக்கொண்டு நிமிரவே மாட்டேனென்றன. சிலர் மயங்கி விழுந்து பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வரப்பட்டார்கள். சிறுநீர் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போவதாகச் சிலர் சொன்னார்கள். மதிய வெயிலில் வேலை கூடாதென்று சட்டம் வந்திருந்தது, கம்பெனியும் அதன்படி ஆட்களை நிழலில் உட்காரவைத்தது. ஆனாலும் காலையில் வந்து விழுந்தவர்கள்தான் அதிகம்.

லீமா எல்லோருக்கும் ஒரே பாட்டைப் பாடினாள். தண்ணி குடிங்க. தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காதீங்க, அதுக்கு முன்னாலயே குடிங்க. எல்லோரும் தலையாட்டினார்கள். "சரி சிஸ்டர்" என்றார்கள். அடுத்த வாரம் அதே முகங்கள் திரும்பி வந்தன.

அப்படி மூன்றாவது தடவையாக வந்தவன் கார்மேகம். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன், கம்பி கட்டும் வேலை. நல்ல உயரம், கல்லுபோல உடம்பு. வெள்ளிக்கிழமைகளில் கேம்புக்குப் பின்னாலிருந்த மணல் திடலில் கபடி ஆடுவான். அவன் பாடிக்கொண்டு உள்ளே நுழைந்தால் எதிராளிகள் ஓரத்துக்கு ஓடுவார்கள். அப்பேர்ப்பட்டவன் இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வந்து கட்டிலில் சரிந்தபோது லீமாவுக்குக் கோபம் தாங்கவில்லை.

"ஏன் அண்ணே, ஒங்களுக்குக் காது கேக்காதா? போன தடவையும் சொன்னேன், அதுக்கு முந்தியும் சொன்னேன். சைட்ல தண்ணி இல்லியா?"

"இருக்கு சிஸ்டரு."

"பெறவு குடிச்சா என்னவாம்?"

கார்மேகம் கூரையைப் பார்த்தான். அவனைத் தாங்கிக்கொண்டு வந்த ரூம்மேட் ஐயப்பன் அவன் காலைத் தட்டினான்.

"சொல்லுடா. சிஸ்டருகிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்லப் போற?"

"பொம்பளப்புள்ளகிட்ட எப்புடிரா சொல்றது?"

"என்னன்னு சொல்லுங்க. நான் நர்ஸ். நான் கேக்காத சங்கதியா?" என்றாள் லீமா.

ஐயப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "குடிச்சா ஒண்ணுக்கு வரும் சிஸ்டரு. நாங்க நிக்கிறது பதினாறாம் மாடி. கக்கூசு கீழ கேட்டுக்குப் பக்கத்துல கெடக்கு. லிப்டுல சாமான்தான் ஏறும், ஆளு ஏறக் கூடாது. படியில எறங்கி ஏறுறதுக்குள்ள போர்மேன் நாலு தடவ பேரக் கூப்புட்டுருவான். முன்னாடியெல்லாம் எங்கிட்டாச்சும் மூலையில போவோம், இல்லாட்டி பாட்டில்ல. மே மாசத்துலேருந்து அதுக்கும் நோட்டீசு போட்டுட்டாங்க. புடிச்சா வார்னிங். மூணு வார்னிங் ஆச்சுன்னா ஊருக்கு டிக்கெட்."

"அதுக்காக?"

"அதுக்காகக் குடிக்கிறதில்ல. காலையில பஸ் ஏறுறப்பவே வாயக் கட்டிருவோம்."

லீமா கையிலிருந்த பஞ்சை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். இத்தனை நாளாக இவர்களைச் சோம்பேறிகள், சொன்ன பேச்சுக் கேளாதவர்கள் என்று திட்டியிருக்கிறாள். உள்ளே போகும் தண்ணீரைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறாள். அது வெளியே போக ஓர் இடம் வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

நோட்டீஸ் போட்டவர் யாரென்பது அவளுக்குத் தெரியும். சேஃப்டி ஆபீசர் கல்யாணசுந்தரம். கும்பகோணத்துக்காரர். நல்ல மனிதர்தான். அடிபட்டவர்களைப் பார்க்க அவ்வப்போது கிளினிக்குக்கு வருவார், வரும்போது ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவார். அடுத்த முறை அவர் வந்ததும் லீமா கேட்டாள்.

"சார், எனக்கு சைட்டப் பாக்கணும்."

"சைட்டா? என்ன சிஸ்டர் விஷயம்?"

"சும்மா இல்ல. காலையில ஆளுங்களோட மேல ஏறணும். பிரேக் விடுறது வரைக்கும் அங்கேயே நிக்கணும்."

"லேடீஸ் யாரும் இதுவரைக்கும் வந்ததில்லையே சிஸ்டர்."

"அப்ப நான் வாறேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டாக்டர் ஹிஷாமிடம் சொல்லிவிட்டு வரும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். டாக்டர் மறுக்கவில்லை. அன்று காலை கிளினிக்கைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஜூலை மாதம். அபுதாபித் தீவுக்குள், கடலோரச் சாலைக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்தது அந்தக் கட்டடம். கண்வரைக்கும் இறங்கிய ஹெல்மெட்டைத் தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டு லீமா படியேறினாள். பாதி வழியிலேயே சுடிதார் முதுகோடு ஒட்டிக்கொண்டது. பதினாறாம் மாடியில் சுவர் கிடையாது. நாலு பக்கமும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தூரத்தில் கடல் தெரிந்தது, அதிலிருந்து காற்றுதான் வரவில்லை. கம்பியைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. ஆண்கள் குனிந்து கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சட்டை முதலில் நனைந்தது, பிறகு காய்ந்தது, காய்ந்த இடத்தில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்தது. கீழே கேட்டருகே அவளைப் பார்த்துக் கும்பிட்டவர்கள் மேலே வந்ததும் அவளை மறந்து வேலையில் இறங்கியிருந்தார்கள்.

இரண்டு மாடிக்குக் கீழே வெயில் விழும் ஓரத்தில் குடிதண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் டேங்க் இருந்தது. குழாயைத் திறந்து கையை நீட்டியவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அந்தத் தண்ணீரில் சாயா போடலாம். இத்தனை நேரத்தில் அந்தக் குழாய்ப்பக்கம் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வந்தவர்களும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் போனார்கள்.

வெயில் ஏற ஏற லீமாவுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. தலை லேசாகச் சுற்றியது. கல்யாணசுந்தரம் தன் பையிலிருந்து ஒரு குளிர்ந்த பாட்டிலை எடுத்து நீட்டினார். அவள் ஆசையாக வாங்கி மூடியைத் திருகினாள். பாட்டிலை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மூடியைத் திரும்பப் போட்டு இறுக்கினாள்.

"என்ன சிஸ்டர், குடிங்க. முகமெல்லாம் செவந்து போச்சு."

"வேண்டாம் சார்."

"ஏன்?"

"குடிச்சா எங்க சார் போவேன்? கீழ கேட்டுப்பக்கம் இருக்கது ஆம்பளைங்களுக்குள்ளது. அதுலயும் கதவுக்குத் தாப்பாள் இல்ல."

அவர் கீழே கேட் பக்கம் எட்டிப் பார்த்தார்.

லீமா மெதுவாகச் சொன்னாள். "இங்க நிக்கிற அம்புட்டுப் பேரும் இதத்தான் சார் செய்யிறாங்க. நீங்க நோட்டீஸ் போட்ட பெறவு குடிக்கிறத நிறுத்திட்டாங்க. என் கிளினிக்குல வந்து விழுற ஆளு கூடுனது அதுக்குப் பெறவுதான்."

கல்யாணசுந்தரம் அங்கே அடுக்கியிருந்த பலகைமேல் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "சுத்தத்துக்காகப் போட்டேன் சிஸ்டர். பூச்சு வேலைக்காரங்க அதுல மிதிச்சிட்டு நடக்கறாங்க, நோய் வந்துடும்னு போட்டேன்."

"தெரியும் சார். நானும் அவங்களத்தான் திட்டிட்டு இருந்தேன்."

கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஆபீசரும் சிஸ்டரும் எதற்கு இப்படி வாடிப்போயிருக்கிறார்களென்று அவர்களுக்கு விளங்கவில்லை.

பிரேக் விட்டுக் கீழே இறங்கி, வீடு வந்து சேரும்வரை லீமா அடக்கிக்கொண்டுதான் இருந்தாள். மறுநாள் நீர்க்கடுப்பு. அதற்கடுத்த நாள் குளிரோடு காய்ச்சல். வில்பிரட் ஒரு பெரிய சொம்பில் பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தான்.

"ஊரையெல்லாம் வெள்ளம் குடிக்கச் சொல்லுவ. ஒனக்க சட்டம் ஒனக்கு இல்லியா? கிளினிக்குல இருந்தாலும் நீ குடிக்கியது இல்லல்லா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

அதுவும் உண்மைதான். டியூட்டி நடுவில் கேபினைப் பூட்டிவிட்டு எழுந்துபோக முடியாதென்று இங்கே வந்த நாளிலிருந்தே அவளும் வாயைக் கட்டிப் பழகியிருந்தாள். டாக்டர் ஹிஷாம் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, சிஸ்டர், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று மிகவும் அக்கறையாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. காய்ச்சலோடு லீமாவும் சிரித்தாள்.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அவளும் கல்யாணசுந்தரமும் புராஜெக்ட் மேனேஜரைப் பார்க்கப் போனார்கள். அவர் லெபனான்காரர், நபீல் என்று பெயர். கெட்டவர் என்று சொல்ல முடியாது, நேரமில்லாதவர். இரண்டு போன்களில் மாறிமாறிப் பேசிக்கொண்டே கேட்டார். மேலே கழிப்பறை வேண்டும், நிழலில் தண்ணீர் கூலர் வேண்டும் என்று கல்யாணசுந்தரம் சொன்னதும் அவர் அடுக்கிய கேள்விகளில் நியாயம் இருந்தது. மேலே குழாய் இணைப்பே வரவில்லையே, கழிவு எங்கே போகும்? டேங்க் வைத்தால் அதை யார் காலி செய்வது? கிரேன் காலையிலிருந்து கான்கிரீட் தூக்குகிறது, நடுவில் கழிப்பறையைத் தூக்க நேரம் எது?

லீமாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் மருந்துச்சீட்டு இங்கிலீஷ். மீதியை ஹிந்தி கலந்து நிரப்பினாள். பாவம் ஏழைகள் என்றெல்லாம் அவள் பேசவில்லை. உங்கள் கம்பி வேலை பின்தங்கியிருக்கிறதாமே, கம்பி கட்டுகிறவர்கள் என் கிளினிக்கில் படுத்திருக்கிறார்கள், வந்து பாருங்கள் என்றாள். பதினாறாம் மாடியில் தான் நின்ற காலையைப் பற்றியும், அதற்குப் பிறகு வந்த காய்ச்சலைப் பற்றியும் கூச்சப்படாமல் சொன்னாள். நபீல் இரண்டு போன்களையும் மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"அந்த நோட்டீஸ் போட்டது நீதானே?" என்று கல்யாணசுந்தரத்தைக் கேட்டார்.

"ஆமா சார். அதனாலதான் நானே வந்து நிக்கறேன்."

நபீல் கிரேன் வேலை அட்டவணையை எடுத்துப் புரட்டினார். வியாழக்கிழமை மாலை கான்கிரீட் இல்லை, கிரேன் சும்மாதான் நிற்கும் என்றார். அதற்குள் கேபினும் டேங்கும் தயாராக இருந்தால் ஏற்றிக்கொள்ளலாம். கழிவை இறக்கிக் காலி செய்கிற ஏற்பாடும் உங்களுடையது. தயாராகவில்லையென்றால் இந்தப் பேச்சை மறந்துவிட வேண்டும். "கலாஸ்", அவ்வளவுதான், என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் கல்யாணசுந்தரம் தலையில் கைவைத்தார். புதிதாக வாங்க ஆர்டர் போட்டால் ஹெட் ஆபீசைச் சுற்றிவரவே ஒரு மாதமாகும். லீமா போனை எடுத்தாள்.

"வில்பிரட், ஒங்க ஒர்க்‌ஷாப் பக்கத்துல ஒரு கக்கூசு கிடைக்குமா?"

மறுமுனையில் ஸ்பேனர் ஒன்று கீழே விழும் சத்தம் கேட்டது. "என்னது?"

முசஃபாவில் கிடைக்காத இரும்பு கிடையாது. பழைய சாமான் போடும் யார்டு ஒன்றின் மூலையில் வெளிர்நீல நிறக் கழிப்பறை கேபின் ஒன்று, ஏதோ முடிந்துபோன வேலையில் மிஞ்சியது, சாய்ந்து கிடந்தது. யார்டுக்காரர் மலையாளி. விஷயத்தைக் கேட்டதும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். வில்பிரட் தன் ஒர்க்‌ஷாப்பில் பேசி, பக்கத்து வெல்டர்களைச் சேர்த்துக்கொண்டான். அடியில் இரும்புச் சட்டம் போட்டு டேங்கை வைத்தார்கள். நாலு மூலையிலும் கொக்கி மாட்ட வளையம் வைத்து வெல்டு அடித்தார்கள். தலைக்குமேல் போகிற சாமான், பிசகினால் உயிர் போகும் என்று கல்யாணசுந்தரம் ஒவ்வொரு வளையத்தையும் சோதிக்க ஆளைக் கூட்டிவந்தார். சோதித்தவர் ஒன்றை மறுபடி செய்யச் சொன்னார். முகம் கோணாமல் மறுபடி செய்தார்கள்.

"ஏசி மட்டும் கேட்டிராத" என்று வில்பிரட் லீமாவிடம் சொன்னான். அவன் முகமெல்லாம் கரி.

வியாழக்கிழமை மாலை ஆட்களைத் தூரமாக நிறுத்திவிட்டுக் கிரேன் கேபினைத் தூக்கியது. கொஞ்சம் கொஞ்சமாக அது மேலே போயிற்று. ஐந்தாம் மாடி, எட்டாம் மாடி. வெறும் ஆகாயத்தில் வெளிர்நீலப் பெட்டி மெல்லச் சுழன்றுகொண்டு ஏறுவதைக் கீழே நின்ற அத்தனை பேரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். பெங்காலி, பஞ்சாபி, பட்டாணியர் பேசும் பஷ்தோ, தமிழ், எல்லா மொழியிலும் சத்தம். "போ ராசா, போ!" என்று யாரோ கத்தினார்கள். கட்டிவைத்திருந்த கயிறு எப்படி அவிழ்ந்ததோ, பாதி வழியில் கேபினின் கதவு படாரென்று திறந்துகொண்டது. பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று கக்கூசுக் கோப்பை, மாலை வெயிலில் பளபளத்துக்கொண்டு, மொத்த அபுதாபிக்கும் தரிசனம் கொடுத்தபடி மிதக்கிறது. அதற்குமேல் யாருக்குத் தாங்கும்? போர்மேன்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். லீமா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

மேலே அதை நிறுத்திச் சரிபார்த்த பிறகு, முதலில் போகிறவன் யார் என்று தள்ளுமுள்ளு. கார்மேகத்தைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். அவன் வெளியே வரும்போது கபடியில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறவனைப்போலக் கையை உயர்த்திக்கொண்டு வந்தான். அதற்கு ஒரு கைதட்டல்.

நோட்டீசைக் கல்யாணசுந்தரமே தன் கையால் கிழித்தார், டேங்கை இறக்கிக் காலி செய்யவும் ஆள் வைத்தார். எட்டாம் மாடிக்கும் இன்னொரு கேபின் போயிற்று. இந்தமுறை நபீலே ஆர்டர் போட்டார். தண்ணீர் டேங்கை நிழலுக்கு நகர்த்தி, மேலே சாக்குப்படுதா போட்டு நனைத்துவைத்தார்கள். ஐஸ் பெட்டிகள் வந்தன. பெயின்டர்களிடமிருந்து ஒரு நிற அட்டையை வாங்கிவந்து, வைக்கோல் நிறத்திலிருந்து கட்டன் சாயா நிறம்வரை துண்டுதுண்டாக வெட்டி, கழிப்பறைக்குள் கண்ணெதிரே ஒட்டச் சொன்னாள் லீமா. மேலே இருக்கும் நிறத்தில் போனால் நல்லது, கீழே இருக்கும் நிறத்தில் போனால் உடனே தண்ணீர் குடி. எழுத்தே தேவையில்லை, எந்த ஊர்க்காரனுக்கும் புரியும். "இன்னைக்கு நீ எந்தக் கலரு?" என்று ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வது அந்த சைட்டில் வழக்கமாயிற்று. ஆகஸ்ட் வெயிலிலும் கிளினிக்கில் கட்டில்கள் காலியாக இருந்த நாட்கள் வந்தன.

இத்தோடு முடிந்திருந்தால் லீமாவின் கதை சுலபமான கதை. செப்டம்பர் பாதியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐயப்பன் ஷாபியாவுக்கே ஓடிவந்து கதவைத் தட்டினான். கார்மேகம் திடலில் விழுந்து கிடக்கிறான், பேச்சு ஒரு மாதிரியாக இருக்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்றான்.

லீமா போனபோது நாலைந்து பேர் அவனைத் தூக்கி உட்காரவைத்து வாயில் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாந்தி எடுத்திருந்தான். தலை வெடிக்கிறதென்று முனகினான். "சிஸ்டர் வந்துருக்காங்கடா" என்றதற்கு அவளை வெறித்துப் பார்த்து, "யாரு நீ? பஸ்சு போயிருச்சா?" என்றான்.

லீமா அவன் நெற்றியைத் தொட்டாள். அனல் இல்லை. உடம்பெல்லாம் வியர்வை ஊறியிருந்தது. விரல்கள் உப்பியிருந்தன. மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு சதைக்குள் பதிந்திருந்தது. வெயிலில் காய்ந்து விழுந்தவர்களை ஒரு கோடை முழுக்கப் பார்த்தவள் அவள். இது அது மாதிரி இல்லை.

"இன்னைக்கு என்ன சாப்பிட்டாரு?"

"ஒண்ணும் சாப்புடல சிஸ்டரு. வயிறு காலியா இருந்தாத்தான் மூச்சுப் புடிக்க முடியும்னான். காலையிலேருந்து தண்ணிதான். பெரிய கேனைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் குடிச்சுக்கிட்டே இருந்தான். வெளையாட்டுக்கு நடுவுலயும் குடிச்சான்."

"ஒண்ணுக்குப் போனாரா?"

"போய்க்கிட்டேதான் இருந்தான். நெறமே இல்லாம, பச்சத் தண்ணி மாதிரி."

"பாட்டிலை எடுங்க. ஒரு சொட்டுக் குடுக்கக் கூடாது."

பாட்டில் வைத்திருந்தவன் முறைத்தான். "நீங்கதான சிஸ்டரு குடிக்கச் சொன்னீங்க? சாகக் கெடக்குறான், இப்பக் குடுக்கக் கூடாதுங்குறீங்க?" பின்னாலிருந்து இன்னும் இரண்டு குரல்கள் சேர்ந்துகொண்டன. லீமா விவாதம் செய்யவில்லை. பாட்டிலை அவன் கையிலிருந்து பிடுங்கி மணலில் கவிழ்த்தாள். "வண்டியக் கூப்பிடுங்க. யல்லா, சீக்கிரம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் கூட்டம் வழிவிட்டது.

வண்டியில் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைத் தன் மடியில் பிடித்துக்கொண்டாள். வழியில் அவனுக்கு ஒருமுறை வலிப்பு வந்தது. ஐயப்பன் அழ ஆரம்பித்தான். லீமா அவனைப் புரளவிடாமல் பிடித்துக்கொண்டு, டிரைவரை வேகமாகப் போகச் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டரிடம், நாள் முழுக்கச் சாப்பிடாமல் வெறும் தண்ணீர் மட்டும் குடித்து விளையாடியிருக்கிறார், உப்பைப் பாருங்கள் என்றாள். ரத்தத்தைச் சோதித்தபோது உப்பு அபாயமான அளவுக்குக் குறைந்திருந்தது. வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்க, குடித்த தண்ணீர் மிச்சமிருந்ததையும் நீர்த்துப்போக வைத்துவிட்டது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து லீமா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். வில்பிரட் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்க வாய்தான அப்படிச் சொன்னது? குடிங்க குடிங்கன்னு?" என்றாள் அவள்.

"நீ நல்லதுக்குச் சொன்ன."

"பாதிதான் சொன்னேன்."

இரண்டு நாளில் கார்மேகம் தெளிந்தான். நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. "ஜெயிச்சமா தோத்தமா சிஸ்டரு?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. ஜெயித்திருந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை லீமா திடலுக்கே போனாள். கேம்ப் மெஸ்ஸிலிருந்து ஒரு பெரிய பாத்திரத்தை எடுத்துவரச் சொல்லி, கடையிலிருந்து லபன் பாக்கெட்டுகளை வாங்கி ஊற்றி, தண்ணீர் விட்டு விளாவி, உப்புப் போட்டு, இஞ்சி தட்டிப் போட்டாள். அரபிகள் லபன் என்கிறார்கள், நம் ஊர்க்காரர்களுக்கு அது மோர். ஆட்டக்காரர்கள் வரிசையில் வந்து வாங்கிக் குடித்தார்கள். முந்தின வாரம் அவளை முறைத்தவன் இரண்டாம் தடவையும் வந்து நின்றான்.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க. தண்ணி மட்டும் போதாது. வேர்க்கிறவங்களுக்கு உப்பும் வேணும். வெறும் வயித்துல ஓடாதீங்க. கஞ்சி குடிங்க, ஊறுகா தொட்டுக்கிடுங்க. ரொம்ப வேர்த்துச்சுன்னா என்கிட்ட வாங்க, ஓஆர்எஸ் பொடி தாறேன். கேனைத் தூக்கி மடக்மடக்குன்னு ஊத்தக் கூடாது. கொஞ்சங் கொஞ்சமா, அடிக்கடி. பிரஷர் உள்ளவங்க உப்பக் கூட்டுறதுக்கு முன்னால டாக்டரப் பாத்துட்டுச் செய்யணும். முன்னால நான் இதையெல்லாம் சொல்லல. இப்பச் சொல்லுதேன்."

யாரும் கேலி பேசவில்லை. கார்மேகம் அன்று ஆடவில்லை. கோட்டுக்கு வெளியே லபன் தம்ளரோடு உட்கார்ந்து, கேனைத் தூக்குகிறவனையெல்லாம் அதட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த வருஷம் கட்டடம் முடியும் தறுவாயில், தரையும் கண்ணாடியும் துடைக்க இலங்கையிலிருந்து வந்த பெண்கள் சிலரைக் கம்பெனி வேலைக்கு எடுத்தது. அவர்கள் வரப்போகும் செய்தி காதில் விழுந்த அன்றே லீமா நபீலிடம் போனாள். அவளைப் பார்த்ததும் அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். பெண்களுக்குத் தனியாக, உள்ளே தாழ்ப்பாள் போட்ட கேபின் ஒன்று வேண்டுமென்றாள். இந்தமுறை அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. எந்த மாடியில் வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். கல்யாணசுந்தரம் அடுத்து நடந்த ஒவ்வொரு வேலையிலும், மேல்தளம் போடுகிற திட்டத்தோடு கழிப்பறையும் குடிதண்ணீரும் எங்கே என்பதைச் சேர்த்தே எழுத ஆரம்பித்தார். லீமாவுக்குத் தலைக்குச் சரியான ஒரு சின்ன ஹெல்மெட்டையும் அவர்தான் தேடி வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் கம்பெனிக்கு வேலைகள் குறைந்து அந்த கேம்ப் காலியானது. கார்மேகம் வேறு கம்பெனிக்கு மாறி தோஹாவுக்குப் போனான். அங்கே நஜ்மா என்ற பகுதியில் ரூமெடுத்துத் தங்கியிருப்பதாக லீமாவுக்குப் போன் செய்து சொன்னான். அங்கேயும் வெள்ளிக்கிழமை ஆட்டம் உண்டாம், சாப்பிட்டுவிட்டுத்தான் ஆடுகிறானாம். லீமாவுக்கு முசஃபாவிலேயே இன்னொரு கேம்ப் கிளினிக்கில் வேலை கிடைத்தது. முதல் நாள் அங்கிருந்த மேனேஜர், மருந்து அலமாரியின் சாவியைக் கொடுத்துவிட்டு, வேறென்ன வேண்டும் சிஸ்டர் என்று கேட்டார்.

"ஒங்க ஆளுங்க வேல பாக்கிற சைட்டுக்கு எப்ப கூட்டிட்டுப் போவீங்க?" என்றாள் லீமா.